எங்கிருந்து பார்க்கிறீர்கள்?

வானத்தில் ஒன்று எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். விவரம் தெரியாதவர் விரலை நீட்டி, அதோ என்று காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். விவரம் தெரிந்தவர் உங்களையே திருப்பிக் கேட்பார்: எங்கிருந்து பார்க்கிறீர்கள்? அவரிடம் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் போய்விடும்.

விகலை விவரம் தெரிந்தவள். அது அவளுடைய பெயர் இல்லை. ஒரு பாகையை அறுபதாக வெட்டினால் கலை, ஒரு கலையை அறுபதாக வெட்டினால் விகலை. அந்தத் துக்கடா அளவுக்கும் ஒற்றைக்காலில் நின்று சண்டை பிடிக்கிறாளே என்று அண்ணன் வைத்த பட்டம். அலுவலகத்தில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

அலுவலகம் மூன்றாம் மாடியில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே. ஆறு மேசைகள், ஆறு கணினிகள், பாதி நாள் வேலை செய்யும் ஒரு ஏசி. வானப் படம் காட்டும் மென்பொருள் செய்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் வாங்கும், கோளரங்கங்கள் வாங்கும், சில கப்பல்களும் வாங்கும். அதில் சூரிய வீதிக் கணக்கு முழுக்க அண்ணனும் விகலையும் எழுதியது. ஓராண்டு முழுக்கச் சூரியன் வானத்தில் நடந்துபோகிற பாதைக்குத்தான் சூரிய வீதி என்று பெயர். வீதி நெடுக எவ்வளவு தள்ளி, வீதிக்கு மேலேயோ கீழேயோ எவ்வளவு விலகி என்று நிலாவுக்கும் கிரகங்களுக்கும் இரண்டு எண் சொல்லவேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீதி லேசாக ஆடும். வீதி ஆரம்பிக்கிற புள்ளி வருடத்துக்கு வருடம் நகரும். எல்லாவற்றுக்கும் மேலே, பார்க்கிறவர் நிற்கும் இடம் மாறினால் எண்ணும் மாறும். பக்கத்தில் இருக்கிற நிலாவுக்கு நன்றாகவே மாறும்.

அந்த இடத்தில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் முட்டிக்கொண்டது. எங்கிருந்து பார்க்கிறோம் என்று சொல்லாமல் ஒருவர் கணக்குக் கேட்டால் மென்பொருள் என்ன செய்யவேண்டும்? பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளவேண்டும், இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள் விகலை.

"காலியா இருந்தா நீயா நிரப்பாத. கேளு," என்றான் அண்ணன். "ஒருத்தர் எங்க நிக்கிறாருன்னு தெரியாம அவரைக் கொண்டுபோய் பூமிக்கு நடுவுல வைக்கிறதுக்கு நீ யாரு?"

மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். கடைசியில் மென்பொருள் அவள் சொன்னபடியே வெளிவந்தது. அண்ணன் மட்டும், மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் தன் சோதனைக் கோப்புகளில் வீம்பாக வேறு மாதிரி எழுதி வைத்தான். இடத்துக்கான கட்டம் காலியாக இருந்தால் திரையில் சிவப்பாக ஒரு வரி வரும்: எங்கிருந்து பார்க்கிறீர்கள்?

அப்புறம் கடல்தரையை அளக்கும் ஒரு கப்பலுக்கு இவர்கள் மென்பொருள் போனது. அதை ஏற்பாடு செய்து கொடுக்க அண்ணனே ஏறிப்போனான். கிளம்பும்போது ஒரு வேலை செய்தான். தினமும் நண்பகல் பன்னிரண்டுக்குக் கப்பலிலிருந்து ஒரு வரி அலுவலகத்துச் சோதனைக் கோப்புக்கு வந்து சேரும். அந்த நேரத்தில் அங்கிருந்து பார்த்தால் நிலா சூரிய வீதியில் எங்கே, எவ்வளவு தூரத்தில் என்ற எண்கள், பத்துத் தசம இடம் வரைக்கும். நிலா கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றில்லை, கணக்குக்குத் தெரிந்தால் போதும். கப்பல் நிற்கும் இடத்தை மட்டும் அனுப்பக்கூடாது என்று கப்பல்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ரகசியமாம்.

"நிலாவைச் சொன்னா இடத்தைச் சொன்ன மாதிரிதானே? ஒரு கழித்தல் கணக்கு," என்று விகலையிடம் கண்ணடித்தான். "அது அவங்களுக்குத் தெரியாது. நீயும் சொல்லி வைக்காத."

உண்மைதான். பூமி மையத்திலிருந்து நிலா எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவனிடமிருந்து நிலா எங்கே என்று வரி சொல்லும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அவன் நிற்கும் இடம். குண்டூசித் தலை அகலத்துக்குக்கூடப் பிசகாது. தினமும் பன்னிரண்டு மணிக்கு, இடம் காலியாக இருப்பதால், சிவப்பு வரி வரும், விகலை கழித்துப் பார்ப்பாள், சாயங்காலம் அம்மாவிடம் போய்ச் சொல்வாள்.

அம்மா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

"இன்னைக்கு முந்நூறு கிலோமீட்டர் தெற்கம்மா."

"சாப்பிட்டானான்னு அதுல வராதா?"

"நிலா மட்டுந்தாம்மா வரும்."

"என்ன படிப்புடி இது," என்பாள் அம்மா.

இருபத்துமூன்றாம் நாள் வரி வரவில்லை. இருபத்துநான்காம் நாளும் வரவில்லை. கப்பல் புயலில் மூழ்கிய செய்தி நான்காவது நாள் வந்தது. யாரும் பிழைக்கவில்லை, எதுவும் மிதக்கவில்லை. கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மகன் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். அம்மா அதை மடித்துத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் போட்டாள். இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை.

நாற்பத்தொரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு, திரையில் சிவப்பாக அந்த வரி வந்தது. எங்கிருந்து பார்க்கிறீர்கள்?

விகலை அலறவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. எங்கேயோ சிக்கிக் கிடந்த பழைய செய்தி இப்போது வந்து விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஆனால் வரியில் இருந்தது அன்றைய தேதி, அன்றைய நிலா. கைப்பிழையாக இருக்கும் என்று பார்த்தாள். வீதியின் ஆட்டத்தைச் சேர்த்துப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள். அது சில விகலைகள்தான் மாற்றும். ஆரம்பப் புள்ளியைப் பழைய வருடத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். அது கலைக்கணக்கில் மாற்றும், ஆனால் இந்தத் திசையில் மாற்றாது. எல்லாப் பிழையையும் தேடித் தீர்த்த பிறகு, வேறு வழியில்லாமல் கழித்துப் பார்த்தாள். கப்பல் மூழ்கிய இடம் வந்தது. உயரம் என்ற கட்டத்தில், கடல் மட்டத்துக்குக் கீழே நாலாயிரத்து நூறு மீட்டர் என்று இருந்தது.

அவள் கணினியை அணைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாளும் வரி வந்தது. முப்பது கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு முப்பது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லை. நீரோட்டம் அடித்துக்கொண்டு போகிறது, கப்பலின் ஏதோ ஒரு பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பெட்டி என்றால் நீரோட்டத்தோடு போகவேண்டும். இது எதிராகப் போனது. கடலடியில் மேடு வந்தால் ஏறியது, பள்ளம் வந்தால் இறங்கியது. கடல்தரையின் வரைபடம் அவர்களிடமே இருந்தது, அந்தக் கப்பல் முந்தைய வருடங்களில் அளந்து கொடுத்ததுதான். அதை வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு நாளும் அந்த இடம் தரைக்கு மேலே ஒரே உயரத்தில் இருந்தது. நூற்று அறுபத்துமூன்று சென்டிமீட்டர்.

இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு அம்மாவிடம் சொன்னாள். சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் அந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நூத்தி அறுபத்து மூணா? அது அவன் கண்ணு. உச்சந்தலை நூத்தி எழுபத்தஞ்சு, கண்ணு நூத்தி அறுபத்து மூணு. எத்தனை சட்டை தைச்சிருக்கேன் அவனுக்கு." கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினாள். "நடந்து வர்றாண்டி."

"அம்மா, கடலுக்கு அடியிலம்மா."

"அதான் இத்தனை நாளாகுது," என்றாள் அம்மா.

அன்று முதல் அந்த வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாக இருந்தார்கள். அம்மா அவன் அறையைத் துடைத்தாள், அளவு தெரிந்தவள் என்பதால் புதுச்சட்டை ஒன்று தைக்க ஆரம்பித்தாள், வருகிறவர்களிடம் வழக்கத்தைவிட அதிகம் பேசினாள். விகலைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் வரவேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். அவனைப் போல அவளைச் சீண்ட இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. ஆனால் அத்தனை நாள் தண்ணீருக்கடியில் கிடந்தவன் எப்படி இருப்பான் என்ற நினைப்பு மத்தியான வெயிலில் பேருந்துக்கு நிற்கும்போதுகூட வந்துவிடும். அவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பாள். முகம் வராது, தண்ணீர்தான் வரும்.

அலுவலகத்தில் மேலாளருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு அங்கே பச்சைக்கொடி என்று பெயர். சோதனைகள் எல்லாம் தேறினால் திரை பச்சையாகும், பச்சையானால்தான் புதுப் பதிப்பை வெளியே விடுவார். நல்ல மனிதர். அண்ணன் செய்தி வந்த அன்று கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தவர்.

"ஆயிரத்து இருநூறு சோதனை பச்சையா இருக்கும்மா. அந்த ஒரு கோப்பு மட்டும் சிவப்பு," என்றார். "ஏதோ பழைய தகவல் சுத்திக்கிட்டு இருக்கு. உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், தெரியுது. அழிக்க வேண்டாம். மேல ஒரே ஒரு சொல்லு எழுதிடு. புவிமையம். முடிஞ்சது. அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை வெளியீடு, ஞாபகம் இருக்குல்ல?"

"பாக்கிறேன் சார்."

"நீ எழுதின விதிதானே அது?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

முப்பதாம் நாள் உயரக் கட்டத்தில் கீழே என்பது போய் மேலே என்று வந்தது. கரை ஏறிவிட்டது. அதற்கப்புறம் கடல்தரை வரைபடம் தேவைப்படவில்லை, சாதாரணத் தெருப் படமே போதும். முதல் நாள் மீன் ஏலக்கூடம். அடுத்த நாள் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கு. அதற்கடுத்த நாள் நகரத்தின் எல்லையில், லாரிகளை எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில். பன்னிரண்டு மணிக்கு அங்கெல்லாம் ஆட்கள் இருந்திருப்பார்கள். யாரும் எதையும் பார்த்ததாகச் செய்தி இல்லை.

"வீட்டுக்கு வந்துடுவான்," என்றாள் அம்மா. வாசல் கதவைச் சாத்தாமலே வைத்தாள்.

வீட்டுக்கு வரவில்லை. திங்கட்கிழமை வரி, மெத்தைக் கடைக்கு எதிர்ச் சாரியில் வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தின் மூன்றாம் மாடி.

அந்த மாடிக்கு இரண்டு வழி. லிஃப்ட்டில் வந்தால் முன்கதவு. படியேறி வந்தால் பின்னாலிருக்கும் படிக்கட்டுக் கதவு. லிஃப்ட் வந்த பிறகு படியில் வருகிற ஒரே பிராணி அண்ணன்தான். தொப்பை போட்டுவிடும் என்று பயம். அவன் போன பிறகு அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்கள், திறப்பாரில்லை. விகலையின் மேசை அந்தக் கதவிலிருந்து ஆறடி. அலுவலகத்தின் ஒவ்வொரு மூலையும் பூமியில் எங்கே இருக்கிறது என்று அவர்கள் இருவரும் ஒரு காலத்தில் அளந்து வைத்திருந்தார்கள், அவர்களுடைய சோதனைகளுக்கு ஒரு துல்லியமான இடம் வேண்டியிருந்ததால். அதனால் சந்தேகத்துக்கே இடமில்லை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவன் கண்கள் இருந்த இடம், படிக்கட்டுக் கதவுக்கு வெளியே, கதவுப் பலகையிலிருந்து எண்பது சென்டிமீட்டர்.

விகலை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரோ டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். கண்காணிப்புக் கேமராவில் படிக்கட்டைப் பார்த்தாள். வெறும் படி, மூலையில் ஒரு உடைந்த விளக்குமாறு.

"அப்ப திறக்க வேண்டியதுதானே?" என்றாள் அம்மா அன்று சாயங்காலம்.

"நாளைக்குத் திறக்கிறேம்மா."

"ஏண்டி நாளைக்கு? அவ்வளவு தூரம் நடந்து வந்தவன் வாசல்ல நிக்கிறான்."

"அது அவனான்னு எப்படிம்மா தெரியும்?"

அம்மா அவளைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"நான் வந்து திறக்கட்டுமா?"

"வேண்டாம். நான் திறக்கிறேன். நானே திறக்கிறேன்," என்றாள் விகலை.

புதன்கிழமை திறக்கவில்லை. பன்னிரண்டு மணி வரியில் உயரம் குறைந்திருந்தது. நூற்று அறுபத்துமூன்று இல்லை, எண்பத்தொன்று. இடமும் கொஞ்சம் பின்வாங்கி, மேல்படி இருக்கிற இடத்துக்குப் போயிருந்தது. படியில் உட்கார்ந்திருக்கிறான். நின்று நின்று கால் வலித்துப்போய் உட்கார்ந்துவிட்டான் என்று தோன்றியதும் அவளுக்குக் கண் கலங்கியது. அப்போது எழுந்துபோய்த் திறந்திருக்கலாம். எழுந்தும் விட்டாள். எழுந்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை மறுபடி நூற்று அறுபத்துமூன்று. கதவுப் பலகையிலிருந்து நான்கு சென்டிமீட்டர். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறவனின் கண் அங்கேதான் இருக்கும். இதையும் அம்மாவிடம் சொன்னாள். அம்மா புதுச்சட்டையை மடித்து ஒரு பையில் போட்டு அவள் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வெளியீடு. காலையிலிருந்து பச்சைக்கொடி நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். பதினொன்றரை மணிக்கு எல்லோரும் முன்னறையில் கூடினார்கள். விகலை மட்டும் பின்னால் தனியாக. சட்டை இருந்த பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக் கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது, இரும்பு எப்போதும் அப்படித்தான் இருக்கும். பாதி தூரம் இழுத்தாள், டக்கென்று ஒரு சத்தம்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மூச்சுச் சத்தம் இருந்தால்கூடத் தேவலை. ஈர வாடை அடித்தால்கூட, சரி இன்னதுதான் என்று மனது தயாராகும். ஒன்றுமே இல்லை. அவள் முகத்துக்கு நேராக, கொஞ்சம் மேலே, கட்டைவிரல் தடிமன் பலகைக்கு அந்தப்பக்கம், இரண்டு கண்கள் இருக்கின்றன. பத்துத் தசம இடத்துக்குத் துல்லியமாக இருக்கின்றன. அவை மூடியிருக்கின்றனவா, திறந்திருக்கின்றனவா, எதை வைத்துப் பார்க்கின்றன என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. அண்ணா என்று கூப்பிட வாய் திறந்தாள். அவன் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து மூடிக்கொண்டாள்.

தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளினாள்.

மேசைக்கு வந்து கோப்பைத் திறந்தாள். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. மேல்வரியில் இடத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அதில் எழுதினாள்: புவிமையம். விரல்கள் அவளுடையவைதான், யார் மேலும் பழிபோட முடியாது. அவள் பயந்துபோயிருந்தாள், பயம் நிற்கவேண்டும், அவ்வளவுதான் நினைப்பு.

பன்னிரண்டு மணிக்குத் திரை முழுக்கப் பச்சையானது. முன்னறையில் கைதட்டினார்கள். பச்சைக்கொடி ஓடி வந்து இனிப்புப் பெட்டியை நீட்டினார். "பாத்தியா, ஒரு சொல்லுதான்! இதுக்குப் போய் இத்தனை நாள்!" விகலை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். என்ன இனிப்பு என்றுகூடத் தெரியவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகுதான் உறைத்தது. அவள் மாற்றியது தங்கள் பக்கத்துக் கட்டத்தை. எந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை மட்டும். வந்து சேரும் வரியில் அவள் கை வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. அது அவனிடமிருந்து வருவது. அப்படியென்றால் ஒப்பிட்டபோது வித்தியாசம் காட்டியிருக்கவேண்டும். படிக்கட்டுக்கும் பூமியின் மையத்துக்கும் நடுவே ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வித்தியாசம். திரை இன்னும் சிவப்பாக இருந்திருக்கவேண்டும். வந்த வரியை எடுத்துக் கழித்துப் பார்த்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பத்தாவது தசம இடம் வரைக்கும் பூஜ்யம். படிக்கட்டில் யாரும் இல்லை. எங்கிருந்து பார்க்கிறீர்கள் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அவள் பதில் எழுதிவிட்டாள், அவன் அந்த இடத்தில் இருந்தான்.

ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள். வெறும் படி, மூலையில் விளக்குமாறு. வெயில் மேல் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது.

அந்தச் சொல்லை அன்றே அழித்தாள். சனிக்கிழமை வீட்டிலிருந்து பார்த்தாள், மூன்று பூஜ்யம். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று பூஜ்யம். வந்தானா என்று அம்மா கேட்டதற்கு, கதவைத் திறந்தேன் யாரும் இல்லை என்றாள். பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய் அவள் வாழ்க்கையில் சொன்னதில்லை. ராத்திரி படுத்தால் தரைக்குக் கீழே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்றுதான் தோன்றும். கல், கல்லுக்குக் கீழே உருகிய கல், அதற்குக் கீழே இரும்பு. அதற்கு நடுவில் அவள் கொண்டுபோய் வைத்த ஆள்.

புதன்கிழமை பூஜ்யம் இல்லை. மையத்திலிருந்து இருபத்தொன்பது கிலோமீட்டர்.

விகலை மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். மறுபடி கிளம்பிவிட்டான்! கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு முப்பது என்றால் மேலே வந்து சேர இருநூற்றுச் சொச்சம் நாள், ஏழு மாதம். இந்தத் தடவை கதவைக் கழற்றியே வைத்துவிடுவாள். எப்படி இருந்தாலும் சரி, கண் இல்லாமல் வந்தாலும் சரி. பூமியின் நடுவில் நிற்கிறவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மேல்தான். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்று பார்க்க, திசையைக் கணக்கிட்டாள்.

திசை நேர் எதிராக இருந்தது. அவள் நாற்காலி எந்தப் பக்கமோ அதற்குச் சரியாக எதிர்ப்பக்கம், ஒரு விகலைகூடப் பிசகவில்லை. நம்பாமல் வியாழன், வெள்ளி என இரண்டு நாள் காத்திருந்தாள். ஐம்பத்தொன்பது. எண்பத்தொன்பது. அதே திசை. உலகப் படத்தைத் திருப்பி, அவன் போய் வெளியே வரப்போகிற இடத்தைத் தேடினாள். நீலமாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள், இன்னும் நீலமாக இருந்தது. நான்கு பக்கமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு தீவுகூட இல்லை.

அன்று மத்தியானமே விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். விகலை தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தாழ்ப்பாள், பதினொன்று ஐம்பத்தெட்டு, இனிப்பு, மூன்று பூஜ்யம், எதிர்த்திசை. கடலைத் தவிர எல்லாம். சொல்லி முடித்ததும் அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோவிச்சுக்கிட்டுப் போறாம்மா. என்மேல கோவம்."

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அவனுக்கா கோவம்? உனக்கு நாலு வயசு. ஒருநாள் முகத்துல கரியப் பூசிக்கிட்டு வந்து உன்னை பயங்காட்டினான். நீ வீரிட்டு அழுத. உடனே போய்க் கழுவிட்டு வந்தான், அப்பவும் அவன் மூஞ்சியப் பாத்தா அழுத. என்ன சொல்லியும் நீ அடங்கல. அவன் என்ன செஞ்சான் தெரியுமா? வெளிய போயி, நீ தூங்குற வரைக்கும் தெருக்கோடியில நின்னான். மழை வேற. ஏண்டா நனையிறன்னு கேட்டா, என்னைப் பாத்தா பாப்பா பயப்படுதும்மாங்கிறான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கோவமெல்லாம் இல்ல. நீ பயந்துட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. ஒதுங்கிப் போறான்."

விகலை அம்மாவின் மடியில் தலையை வைத்தாள். துணிப்பிசிறுகள் கன்னத்தில் ஒட்டின. அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் என்னடி இருக்கு?"

விகலை தலையைத் தூக்கவில்லை.

"ஊரு இருக்கும்மா. பெரிய ஊரு."

"அப்ப சரி," என்றாள் அம்மா. "அங்க யாராவது கதவைத் திறப்பாங்க."